விட்டால் வீடு

எங்கள் மடத்துக்கு வருகிறவர்கள் ஐயாவிடம் என்ன கேட்பார்கள் தெரியுமா? பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், முழங்கால் வலிக்குத் திருநீறு. பதினாறு வருஷமாக இதையே கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது.

ஒரு வியாழக்கிழமை செண்பகவல்லி வந்தாள். இட்லி மாவு அரைத்து விற்கிறவள். தோளில் ஒரு பெண் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வேணும் தாயி?" என்றார் ஐயா.

"வீடு வேணும் ஐயா. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா வேலாயுதம்? அறம், பொருள், இன்பம் மூணையும் தள்ளிட்டு நேரா நாலாவதைக் கேக்கா!"

பிறகு அவளிடம் சொன்னார். "விடு தாயி. விட்டால் வீடு. அவ்வளவுதான்."

வாசலில் அவள் என்னை நிறுத்தினாள். "எதை விடணும் அண்ணாச்சி?"

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே!

"எது உங்களை இறுக்கிப் பிடிச்சிருக்கோ, அதை."

சொல்லிவிட்டு எனக்கே பெருமை. அவள் பிள்ளையைப் பார்த்தாள். தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தூக்குவாளியோடு வந்தாள். தோளில் பிள்ளை இல்லை.

"பால் காய்ச்சிட்டேன் ஐயா. நீங்க சொன்ன வாக்கு பலிச்சிட்டு."

"என்ன பால் தாயி?"

"புது வீட்டுப் பால். தெற்குத் தெருவுல, ஒரு ரூம், ஒரு அடுப்படி. கீழ் வீடு."

எனக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. அடப்பாவி, இவள் கேட்டது குடியிருக்க ஒரு வீடு!

ஐயா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பிள்ள எங்க?"

"விட்டுட்டேன் ஐயா."

"விட்டுட்டியா?"

"இந்த மாதிரிப் பிள்ளைங்களை வச்சுப் பாத்துக்கிற இல்லத்துல. பூரணிக்கு ஒன்பது வயசு. நடக்க வராது, பேச்சும் வராது. திடீர் திடீர்னு கத்துவா. கீழ் வீடுன்னா பெரும்பாலும் வாடகை எனக்குக் கட்டாது. மாடின்னா அவளைத் தூக்கிட்டு ஏற முடியல, ரெண்டு தடவை உருண்டு விழுந்தோம். வாடகை கட்டுபடியாகிற ஒண்ணு ரெண்டு கீழ் வீட்டுக்காரங்களும் அவ சத்தத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திட்டாங்க. நீங்க சொன்ன மறுநாளே விட்டேன். அடுத்த வாரமே வீடு கிடைச்சிட்டு."

அவள் மறுபடி கேட்டாள்.

"ஆனா தூக்கமே வரல ஐயா. இன்னும் என்னத்தை விடணும்?"

ஐயோ! நான் என்ன சொல்லித் தொலைத்திருக்கிறேன்!

ஐயா செருப்புகூடப் போடவில்லை. தெருவில் ஓடி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

இல்லத்தில் பூரணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எலும்பு தெரிந்தது.

"தொந்தரவே இல்லாத பிள்ள," என்றாள் பார்த்துக்கொள்கிற பெண். "வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் கிடையாது. சாப்பாடுதான் இறங்கல."

செண்பகவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் பிள்ள சத்தம் போடலையா?"

ஓடிப்போய் வாரி எடுத்தாள். பூரணி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள் பாருங்கள், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆட்டோவில் ஏறியும் நிறுத்தவில்லை.

"இவளோட அந்த வீட்டுக்குப் போனா, அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிருவாங்க ஐயா," என்று அழுதாள் செண்பகவல்லி.

"மடத்துல என் அறை கீழதான் இருக்கு. படி கிடையாது. மாவு அரைக்கப் பின்னால இடமும் உண்டு," என்றார் ஐயா. "வேலாயுதம், என் பாயை எடுத்து வெளிக் கூடத்துல போட்டுரு."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டாமா?

"தியான நேரத்துல இவ கத்துவாளே ஐயா?"

ஐயா என்னைப் பார்த்தார்.

"கத்தட்டும். அன்னிக்கு அம்மா தோள்ல தூங்காம இப்படிக் கத்தியிருந்தா, நாம நிமிர்ந்து இவளைப் பாத்திருப்போம்."