கம்ப்யூட்டர் கண் அசந்த கதை

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஒரு திருமணத் தகவல் நிலையம். அங்கே ஜாதகங்களை டைப் அடிக்க மூன்று அறிவுக்கொழுந்துகள் இருந்தார்கள். தலைமைக் கொழுந்து ஏகாம்பரம். வைகாசி முகூர்த்தம் நெருங்கவே, பொழுதெல்லாம் திரையை முறைத்ததில் அவருக்குக் கண் எரிந்தது. மாப்பிள்ளைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். ஊரில் வரன் பெருகிவிட்டதென்று முதலில் பூரித்தார். பிறகு பயந்துபோய், கோதண்டத்தையும் பவுன்ராஜையும் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடினார்.

"திரை ஒரு கை தூரத்துல இருக்கோணும். அடிக்கடி கண்ணைச் சிமிட்டுங்க. நடுநடுவே தூரத்துல இருக்கறதைப் பாருங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் மூவரும் இடதுகையைத் திரைவரை நீட்டியபடியே, வலதுகையால் மட்டும் டைப் அடித்தார்கள். தோள் கழன்றது. கண்ணுக்காகத்தானே என்று ஏகாம்பரம் பொறுத்துக்கொண்டார்.

அடுத்தது சிமிட்டல். "கண்ணைன்னுதான் சொன்னாரு, கண்களைன்னு சொல்லலை" என்று இலக்கணம் பிரித்து, ஒற்றைக் கண்ணை மட்டும் சிமிட்ட உத்தரவு போட்டார்.

அந்நேரம் பார்த்து, மகள் ஜாதகத்தோடு ஒரு பெரிய மனிதர் வந்தார். மூவரும் அவரைப் பார்த்துச் சிமிட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றினார்.

"என்ன மரியாதை பாருங்க!" என்று கோதண்டம் நெகிழ்ந்தார், முதல் அடி விழும்வரை.

கன்னத்தைத் தடவிக்கொண்டே ஏகாம்பரம் கேட்டார்: "சரி, தூரத்துல யாரைப் பார்க்கறது?"

"தாராபுரத்துல எனக்குத் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் இருக்கறாருங்க" என்றார் பவுன்ராஜ்.

"எவ்வளவு தூரம்?"

"எங்க பெரியப்பாவோட சகலைக்குத் தம்பிங்க."

"அது போதும்" என்றார் ஏகாம்பரம், நிபுணர்போல.

வேலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். அந்தச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் வரிசையாக நின்று, வாய் திறக்காமல் அவரையே பார்த்தார்கள்.

"கல்யாண ஆபீஸ் ஆளுங்களா? ஏனுங்க, எனக்குப் பேரனே இருக்கறானுங்க!" என்று அலறிக் கதவைத் தாழிட்டார் அவர்.

கண் எரிச்சல் மட்டும் போகவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார் ஏகாம்பரம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கத்தினார்: "முதல்ல அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓய்வு குடுங்கய்யா!"

ஏகாம்பரம் கம்ப்யூட்டரைத் தடவிக்கொடுத்தார். "நாம அதைப் பார்த்தோம். அதுவும் நம்ம மூஞ்சிகளையே பார்த்துட்டுத்தானே இருந்துச்சு? அதுக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்!"

பாய் விரித்தார்கள். கம்ப்யூட்டர்களை மெல்லப் படுக்கவைத்து, தலையணை கொடுத்து, போர்த்திவிட்டார்கள்.

கதவு படாரென்று திறந்தது. முதலாளி!

"ஒரு ஜாதகம்கூட ஏறலையாமே? மூணு பேரையும் இன்னைக்கே வேலையை விட்டு..."

ஏகாம்பரம் விரலை உதட்டில் வைத்தார். "மெதுவாங்க... இப்பத்தான் கண் அசந்துச்சு."

முதலாளி பாயைப் பார்த்தார். முகம் இளகியது. நுனிக்காலில் நடந்து வந்து, விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டு, ரகசியக் குரலில் கடிந்துகொண்டார்:

"ஏய்யா, வெறும் வயித்தோடவா படுக்கவெச்சீங்க?"