ஏழு நண்டுக்கு ஒரு பப்ஸ்

ஈச்சங்காட்டு ஓடைக்கரையில் சம்புலிங்கம் என்றொரு நரி கறி பப்ஸ் கடை வைத்திருந்தான். கரையான்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய புற்றுதான் அவனுடைய அடுப்பு. காலையில் அதற்குள் சுள்ளியைப் போட்டு மூட்டினான் என்றால் காடு முழுக்க மணக்கும். வெந்த பப்ஸை இரண்டு தேக்கிலையில் சுற்றி, சிவப்புக் கொடியால் கட்டுவான். நாவல்பழச் சாற்றில் வாலைத் தோய்த்து, மேலே ஒரு முத்திரை வைப்பான். அந்த வால் முத்திரைக்குத்தான் அத்தனை மவுசு!

காட்டில் காசு ஏது? நண்டுதான் காசு. கடை திறந்த புதிதில் ஒரு பப்ஸுக்கு ஒரு நண்டு வாங்கினான். உள்ளேயும் ஒரு முழு நண்டின் கறி இருந்தது. எல்லோரும் வாங்கினார்கள், சப்புக் கொட்டித் தின்றார்கள்.

பிறகு விலை இரண்டு நண்டானது. அப்புறம் நான்கானது. அப்போதுதான் அந்தக் கூத்து தொடங்கியது. வாங்கியவர்களுக்குத் தின்ன மனசே வரவில்லை. நாலு நண்டு கொடுத்து வாங்கியதை ஒரே வாயில் விழுங்கிவிட முடியுமா? வளை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். போகிற வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

சம்புலிங்கம் சும்மா இருப்பானா? "முத்திரை வச்ச பப்ஸைப் பிரிச்சா குடும்பத்துக்கு ஆகாது!" என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். காடும் நம்பித் தொலைத்தது. கல்யாணம் என்றால் பெண் வீட்டார் பன்னிரண்டு பப்ஸ் சீர் வைக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் அதைப் பிரிக்காமல் வாசலில் கட்ட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. தின்பதற்கென்று செய்த பண்டத்தை யாரும் தின்னவில்லை.

இந்த நிலைமையில்தான் கீரி மூக்காயியின் மகள் செண்பகத்துக்கு அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மூக்காயி கடைக்குப் போனாள்.

"அண்ணே, சீருக்குப் பன்னெண்டு பப்ஸ் வேணும். நாலு நண்டுதானே?"

"நாலா? அது போன மாசம், தங்கச்சி! இப்ப ஏழு!"

மூக்காயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வெயில் காலம் முழுக்க அவளும் புருஷனும் பிடித்துக் காயவைத்த நண்டு மொத்தமே எண்பத்து நாலு. மழை இறங்கினால் ஓடை பெருகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு நண்டும் சிக்காது. வீட்டில் இருக்கிற நாலு சின்னக் குட்டிகளும் அந்தக் காய்ந்த நண்டை நம்பித்தான் இருந்தன. பன்னிரண்டு பப்ஸ் வாங்கினால் ஒன்றுகூட மிஞ்சாது.

"ஏண்ணே இப்படி ஏத்துறீங்க?"

"நானா ஏத்துறேன்? விறகு ஏறுது, தேக்கிலை ஏறுது. எல்லாத்துக்கும் மேல, நண்டு விலை எக்கச்சக்கமா ஏறிப்போச்சு!"

மூக்காயி ஒரு கணம் யோசித்தாள். "நண்டு விலை ஏறிருச்சுன்னா, நீங்க எங்கிட்ட நண்டைக் குறைச்சுல்ல வாங்கணும்?"

சம்புலிங்கம் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அதெல்லாம் வியாபார நுணுக்கம். உனக்குப் புரியாது. தரம்னு ஒண்ணு இருக்குல்ல! ஏழு குடுக்க முடியலைன்னா அக்கரைச் சம்பந்தத்தை மறந்துரு!"

"சரிண்ணே. இப்ப ஒண்ணு குடுங்க. மத்ததை நாளைக்குச் சொல்றேன்." ஏழு நண்டையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை நடுவில் வைத்தாள். புருஷன் இருளப்பன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"இன்னும் பதினொண்ணு வாங்கணுமா? குட்டிங்க மழைக்கு என்னத்தைத் திங்கும்?" என்றான். உடனே அவனே, "வாங்கலைன்னா கல்யாணம் நின்னுரும். காடே சிரிக்கும்!" என்றும் சொன்னான். பாவம், அவனுக்கு இரண்டு பக்கமும் பயம்.

மூக்காயி பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, நான் குடுத்தது ஏழு நண்டு. இதுல ஒரு நண்டுக் கனம்கூட இல்லையே!"

கொடியில் பல்லை வைத்தாள்.

"ஏய்! பிரிக்காதே! குடும்பத்துக்கு ஆகாது!" என்று அலறினான் இருளப்பன்.

"குட்டிங்க பட்டினி கிடக்குறது மட்டும் குடும்பத்துக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, கொடியைக் கடித்து அறுத்தாள்.

முதல் இலையைப் பிரித்தாள். இரண்டாவது இலையைப் பிரித்தாள். மாவு. மாவுக்குக் கீழே இன்னும் மாவு. அதற்குக் கீழே ஒரு குழி, உள்ளே வெறும் காற்று. குழியின் அடியில் ஒரு நண்டுக்கால் கிடந்தது. அதுவும் சின்னக்கால்!

இருளப்பன் அந்தக் காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்காயிக்கோ உச்சந்தலைவரை கோபம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"எழுந்திரிங்க! மூங்கிலரிசியை இடிங்க! சீரை நாமளே செய்வோம்!"

இரண்டு நாள் வளைக்குள் ஒரே அமளி. இருளப்பன் மாவு இடித்தான். செண்பகம் காட்டு மிளகு பறித்து வந்தாள். மூக்காயி நண்டை ஊறவைத்து, ஓட்டை உடைத்து, கறியை வதக்கினாள். ஒரு பப்ஸுக்கு ஒரு முழு நண்டு. சூடேறிய பாறைக் கல்லில் வைத்து மூடினாள். விருந்தாளிகளுக்கும் சேர்த்து இருபத்து நாலு பப்ஸ் பொன்னிறமாக வெந்து வந்தன. மிச்ச நண்டெல்லாம் குட்டிகளின் மழைக்காலத்துக்கு என்று பத்திரமாகக் கொடியில் தொங்கின.

கல்யாணம் மருத மரத்தடியில். அக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் விழுந்த மரத்தின் மேல் வரிசையாக நடந்து வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா வேலுத்தாயி. வாலைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தாள்.

சம்புலிங்கமும் வந்திருந்தான். கையில் ஒரு பெரிய பொட்டலம், மூன்று இலை சுற்றியது, இரண்டு முத்திரை வைத்தது. "ஸ்பெஷல் பப்ஸ்! பதினஞ்சு நண்டு பெறும்! என் அன்பளிப்பு!" என்று கூவிச் சபை நடுவில் வைத்தான். அப்புறம் சீர்த்தட்டை எட்டிப் பார்த்தான். அதற்காகத்தான் வந்தான் என்பது என் எண்ணம்.

"அடடா! முத்திரையே இல்லையே! வீட்டுப் பப்ஸா? சம்பந்தியம்மா, உங்களை இவ்வளவு இளக்காரமா நினைச்சுட்டாங்களே!"

சபை கசமுசவென்றது. வேலுத்தாயியின் மீசை விறைத்தது. அவள் எழுந்தாள். அவளோடு அக்கரைக் கூட்டமே எழுந்தது.

"என்ன சம்பந்தியம்மா இது? எங்க வளை வாசல்ல நாங்க என்னத்தைக் கட்டுறது?"

இருளப்பன் மருத மரத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்துவிட்டான். மூக்காயி மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"வாசல்ல கட்டுறதுக்கு இல்ல சம்பந்தியம்மா, திங்கிறதுக்குச் செஞ்சது! அண்ணன் குடுத்த பப்ஸையும் பிரிங்க, என்னோடதையும் பிரிங்க. எது மட்டம்னு நீங்களே சொல்லுங்க. என்னோடது மட்டம்னா கல்யாணத்தை நிறுத்திக்கலாம்!"

"பிரிக்கக் கூடாது!" என்று சம்புலிங்கம் பாய்ந்தான். "கல்யாணத்தன்னைக்கா? பொண்ணுக்கே ஆகாது!"

ஒருவரும் கை நீட்டவில்லை. அப்போது மணப்பெண் செண்பகம் மாலையும் கழுத்துமாக எழுந்து வந்தாள்.

"எனக்குத்தானே ஆகாது? அப்ப நானே பிரிக்கிறேன்!"

சரக்கென்று கொடியை இழுத்தாள். ஒரு இலை, இரண்டு இலை, மூன்று இலை. மாவு, மாவு, மாவு. பிறகு குழி. செண்பகம் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். கொஞ்சம் சாம்பல் உதிர்ந்தது. ஸ்பெஷல் பப்ஸில் அந்தச் சின்னக்கால்கூட இல்லை!

சபை முழுக்கக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

செண்பகம் தன் அம்மா செய்த பப்ஸை எடுத்துப் பிட்டாள். ஆவி பறந்தது. மிளகு மணத்தது. வெள்ளை வெளேரென்று நண்டுக்கறி பிதுங்கி வழிந்தது. பாதியை வேலுத்தாயியின் கையில் வைத்தாள்.

வேலுத்தாயி முகர்ந்தாள். ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"எங்க வளை வாசல்ல பன்னெண்டு பப்ஸ் தொங்குது," என்றாள் மெல்ல. "மூத்த மருமக கொண்டுவந்தது. ஒண்ணையும் பிரிச்சதில்ல." அப்புறம் அவள் குரல் உயர்ந்தது. "அத்தனையும் காத்தா, சம்புலிங்கம்?"

"தரம்... தரத்துக்குத்தான் விலை..." என்று குழறினான் நரி.

"தரம் நாக்குக்குத் தெரியணும்யா!" என்று ஒரு கிழட்டு உடும்பு கத்தினான். "நாங்க குடுத்த நண்டெல்லாம் எங்கே?"

எல்லோருடைய பார்வையும் சம்புலிங்கத்தின் தொப்பைமேல் போய் நின்றது. அவன் அதைக் கையால் மறைத்துப் பார்த்தான். மறைகிற அளவிலா இருந்தது! வாலைக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு எடுத்தான் ஓட்டம்.

"அந்த ஆளை விடுங்க!" என்றாள் வேலுத்தாயி. "சம்பந்தியம்மா, இன்னொண்ணு குடுங்க! உங்களை மாதிரி கெட்டிக்காரி வீட்டுல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்!"

மேளம் கொட்டியது. இருபத்து நாலு பப்ஸும் நொடியில் காலியாயின. மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த இருளப்பன், "நான் அப்பவே சொன்னேன், பிரிச்சுப் பாருன்னு!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மூக்காயி அவனை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல நாளாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் கடை வாசலில் காடே கூடியது. பெருச்சாளி, ஆமை, முள்ளம்பன்றி என்று ஒவ்வொருவரும் வாசலில் தொங்கிய பப்ஸை அவிழ்த்துக் கொண்டுவந்து சம்புலிங்கத்தின் கண்ணெதிரே பிரித்தார்கள். காடு வாங்கித் தொங்கவிட்டதெல்லாம் காற்றும் காலும்தான். மத்தியானத்துக்குள் தேக்கிலைக் குவியல் புற்றைவிட உயரமாகிவிட்டது. கடைக்குப் பின்னால் அவன் பதுக்கியிருந்த நண்டையெல்லாம் தூக்கிக் காடு பங்கு போட்டுக்கொண்டது. மூக்காயி தன் ஏழு நண்டை எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து ஓடைக்கரையோரம் நடந்தாள். எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விலை ஏறியதால் மட்டும் எந்தப் பண்டமும் உயர்ந்துவிடாது. உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தவரை எந்த முத்திரையும் ஏமாற்ற முடியாது.