ஓடா அம்மையாரின் பசி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் துறவி ஓடா அம்மையாரின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. காய்ச்சல். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. திருப்பலிப் பூசையில் தரும் நற்கருணை அப்பம் மட்டும் எப்படியோ உள்ளே நின்றது.

"அம்மா கடவுளை மட்டுமே உண்டு வாழ்கிறார்" என்று சீடப் பெண் கிஸ்லா மடத்து வாசலில் சொன்னாள். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. சொன்னபோது அவளுக்கே புல்லரித்தது.

ஊர் கூடிவிட்டது. அம்மையார் இறந்ததும் புனிதப் பொருளாக வைத்து வணங்க அவர் எலும்பில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பக்கத்து ஊரார் சண்டைக்கு வந்தார்கள். உயிரோடு கிடந்தவரைச் சவப்பெட்டிக்காகத் தச்சர் ஒருவர் நூல் பிடித்து அளந்துகொண்டு போனார். அற்புதம் கெட்டுவிடாதபடி, அறைக்குள் உணவு போகாமலிருக்கக் காவல் போட்டார்கள்.

ஈஸ்டர் கழிந்ததும் காய்ச்சல் விட்டது. அற்புதம் உண்மையா என்று பார்க்க, பிஷப்பான ஆயர் அனுப்பிய விசாரணைக் குரு வருவதாக இருந்த அன்று காலை, அம்மையார் கண் விழித்தார்.

"பசிக்கிறது, கிஸ்லா."

கிஸ்லா போர்வையைச் சரிசெய்தாள்.

அம்மையார் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வெர்னர், கொஞ்சம் கஞ்சி தருவாயா?"

வெளியே காவலிருந்த கசாப்புக்காரன் வெர்னர் மண்டியிடும் சத்தம் கேட்டது. "என்னைச் சோதிக்கிறீங்களா தாயே? கவலையே வேண்டாம். என் தலையே போனாலும் ஒரு துணுக்கு ரொட்டி உள்ளே வராது!"

அம்மையார் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

"இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றாள் கிஸ்லா.

"சாயங்காலம்வரை இருப்பேனா என்றே தெரியவில்லை, மகளே."

"யோசித்துப் பாருங்கள்! இத்தனை வருஷமாக நீங்கள் கண்ட காட்சிகளைச் சொன்னீர்கள். எந்தச் சாமியாராவது காது கொடுத்தாரா? 'இந்தப் பெண்பிள்ளையை நூல் நூற்கச் சொல்லுங்கள்' என்றார்கள். வாயைத் திறந்தபோது ஒருவரும் வரவில்லை. சாப்பிடாமல் வாயை மூடியதும் ஆயரே ஆள் அனுப்புகிறார். இது நியாயமா? இல்லைதான். ஆனால் நமக்கென்று திறந்த வாசல் இது ஒன்றுதானே?"

"நன்றாக வாதாடுகிறாய்."

"நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான்."

"அங்கிக்குள் என்ன வைத்திருக்கிறாய்?"

கிஸ்லாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சீடப் பெண் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

"என் பங்கு ரொட்டி."

"கொடு."

கீழே குதிரைகள் வந்து நின்றன. "வந்துட்டார்! வந்துட்டார்!" என்று வெர்னர் கத்தினான். படியில் காலடிகள் ஏறின.

கிஸ்லா ரொட்டியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "அம்மா, நீங்கள் சாப்பிடுவதை அவர் பார்த்தால் நான் பொய்க்காரி. மடத்தை மூடுவார்கள். என்னை எரித்தாலும் எரிப்பார்கள். அதுகூடப் போகட்டும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை இந்த உலகத்தில் யாராவது கேட்பார்களா?"

கதவின் தாழ் அசைந்தது.

அம்மையாரின் நீட்டிய கை தாழவில்லை.

"பசிக்கிறது என்று காலையிலிருந்து சொல்கிறேன், கிஸ்லா. நீயே கேட்கவில்லையே."