மாத்திரை யார் பேரில்

“என் சர்க்கரையை உங்க பேர்ல எழுதி வெச்சிருக்கீங்க. நாளைக்கு நான் செத்தா, அந்தச் சாவையும் உங்க பேர்லயே எழுதிப்பீங்களா?”

தர்மாம்பாள் இதை வீட்டில் கேட்டதோடு விடவில்லை. மாயவரத்தில், நீலாயதாட்சியின் வேதாந்த வகுப்பு நடக்கும் கூடத்தில், நின்றபடியே கேட்டார். வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கணவர் குஞ்சிதபாதம் மட்டும் வழக்கம்போல் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் தனியார் நூற்பாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. நீலாயதாட்சிக்கு ஐம்பதுதான். ஆனாலும் அவர் குரு, இவர் சீடர். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் கேள்வி கேட்காமல் எழுந்தவரில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு எழுந்தாரா என்பது வேறு விஷயம்.

“பார்த்தீங்களா அம்மா? காலையிலேர்ந்து இதையேதான் சொல்றா. ஒரு எழுத்து மாத்தாம!”

“என்ன எழுதினீங்க?” என்று நீலாயதாட்சி கேட்டார்.

குஞ்சிதபாதம் விளக்கினார். விளக்குவதென்றால் அவருக்கு உயிர்.

மனைவிக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஏஜென்ட் இரண்டு வழி சொன்னாராம். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி எடுத்தால் பிரீமியம் எக்கச்சக்கம். சர்க்கரையால் வரும் எதற்கும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சொல்லாமல் எடுத்தால் பாதிப் பிரீமியம், காத்திருக்கவும் வேண்டாம்.

“‘சர்க்கரை நோய் உண்டா’ன்னு கேட்டிருந்தது. ‘இல்லை’ன்னு போட்டேன். ஒரே ஒரு சொல் அம்மா.”

“அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் எனக்குச் சர்க்கரை இருக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு” என்றார் தர்மாம்பாள். “என் பேர்ல பில் வந்தா மாட்டிப்போமாம். டாக்டர் சீட்டு இவர் பேர்ல. மாத்திரை இவர் பேர்ல. லேப்ல என் கையில ரத்தம் எடுத்துட்டு, ஆண், வயசு எழுபதுன்னு போட்டுத் தர்றாங்க. அந்த ரத்தத்துக்கு மீசை ஒண்ணுதான் பாக்கி.”

நீலாயதாட்சி சிரிக்கவில்லை.

“முதல் வழியை ஏன் எடுக்கலை ஐயா?”

“கட்டுப்படியாகலை அம்மா.”

“எப்படிக் கட்டுப்படியாகும்?” தர்மாம்பாள் விடவில்லை. “மாத்திரைக்கே மாசா மாசம் கொட்டி அழுதா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெனரிக் மருந்துக் கடை இருக்கு. அதே மருந்து, கால்வாசி விலை. டாக்டரே சரின்னுட்டார். நான் போய் வாங்கிட்டு வந்தா, என்னமோ எலி மருந்தைக் கொண்டாந்த மாதிரி சாக்கடையில வீசினார்.”

“தரம்னு ஒண்ணு இருக்கில்ல தர்மு? பேர் தெரியாத கம்பெனி மாத்திரையை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வருமா?”

“இங்கே வந்து பேர் பொய், உருவம் பொய்னு தலையாட்ட வேண்டியது. கடைக்குப் போனா பேர் பார்த்து வாங்க வேண்டியது.”

நீலாயதாட்சி எழுந்து உள்ளே போனார். ஒரு மாத்திரை அட்டையோடு வந்து சீடர் முன்னால் வைத்தார்.

“என் பிரஷர் மாத்திரை. நீங்க சாக்கடையில போட்டீங்களே, அந்தக் கடையில வாங்கினது.”

“அம்மா! நீங்களா?” குஞ்சிதபாதத்தின் குரல் கீச்சென்றது. குரு திருடினார் என்று கேள்விப்பட்டிருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார். “எத்தனை நாளா?”

“நாலு வருஷமா.”

“ஏதாவது ஆயிருந்தா?”

“வகுப்புக்கு லீவு விட்டிருப்பேன். அக்கா, உங்க அட்டையைக் கொடுங்க.”

தர்மாம்பாள் கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்று கணவர் வாங்கும் மாத்திரை. மற்றது, சாக்கடைக்குத் தப்பிய ஜெனரிக் மாத்திரை. நீலாயதாட்சி இரண்டையும் குஞ்சிதபாதத்திடம் நீட்டினார்.

“பெரிய எழுத்தை விடுங்க. அடியில சின்ன எழுத்தைப் படிங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “மெட்ஃபார்மின், கிளிமெபிரைட்.” அடுத்ததைத் திருப்பினார். “மெட்ஃபார்மின்...” மீதியைப் படிக்கவில்லை. அளவையும் பார்த்தார். அதுவும் ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கெல்லாம் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தார்.

“சரி அம்மா, மருந்தை விடுங்க. என் கேள்வி வேற.”

“அதானே பார்த்தேன்” என்றார் தர்மாம்பாள்.

“அந்தப் பொய்யை நான் எனக்காகச் சொல்லலை. இவளுக்காகச் சொன்னேன். ஒருத்தரைக் காப்பாத்தறதுக்காகச் சொல்ற பொய், பொய்யா?”

நீலாயதாட்சி அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். இரண்டையும் அவரிடம் நீட்டினார்.

“போட்டுக்குங்க.”

“யாரு, நானா?”

“டாக்டர் சீட்டு யார் பேர்ல?”

“என் பேர்ல.”

“பில்?”

“என் பேர்ல.”

“லேப் பேப்பர்?”

“அதுவும்... என் பேர்லதான்.”

“அப்புறம் என்ன? வாயைத் திறங்க.”

குஞ்சிதபாதம் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். “அம்மா, எனக்குச் சர்க்கரை கிடையாதே! இதைப் போட்டா கீழே இறங்கிடும். மயக்கம் போட்டு விழுந்துடுவேன்!”

“இருக்குன்னு பேப்பர் சொல்லுதே.”

“பேப்பர் என்னத்தைக் கண்டது?”

“அதே பேப்பர் இவங்களுக்கு இல்லைன்னு சொல்லுது. இவங்க மயக்கம் போட்டு விழுந்தா?”

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

நீலாயதாட்சி மாத்திரையைத் தர்மாம்பாளிடம் நீட்டினார். “நீங்க இன்னிக்குப் போட்டாச்சா அக்கா?”

“இன்னிக்கு முறை இல்லை.”

“என்ன முறை?”

தர்மாம்பாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். “ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன். இவர் வாங்குற விலைக்கு, தினமும் போட்டா அது தொண்டையிலயே நிக்குது.”

“தர்மு! எத்தனை நாளா?”

“கணக்கெல்லாம் வெச்சுக்கலை. அட்டை ஏன் சீக்கிரம் தீரலைன்னு நீங்க கேட்டீங்களா?”

நீலாயதாட்சி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

வெள்ளை மொசைக் தரையில், வாசற்படியிலிருந்து தர்மாம்பாள் நிற்கும் இடம் வரை, சிவப்புச் சிவப்பாகத் தடங்கள். எல்லாம் வலது கால்.

“யார் கால்ல அடி?”

மூன்று பேரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாகத்தான் தர்மாம்பாள் பார்த்தார். பாதத்தைத் திருப்பி, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு பாதிக்கு மேல் ஏறி நின்றது.

“அடடே, வழியில செருப்புல ஏதோ நறுக்குன்னுச்சு” என்றார். அவ்வளவுதான்.

“ஐயோ! தர்மு, ரத்தம்! வலிக்கலையா?”

“இல்லையே.”

“வலிக்கலையா!”

“இல்லைங்கறேன். எதுக்குக் கத்தறீங்க?”

நீலாயதாட்சி அவரை உட்கார வைத்து, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சில்லைத் தொடவில்லை. சுண்டு விரலில் மஞ்சள் அப்பியிருந்தது. ஈரத் துணியால் அதைத் துடைத்தார். மஞ்சளுக்கு அடியில் விரல் கறுத்திருந்தது.

“இது எப்போ?”

“போன மாசம் கல்லுல இடிச்சேன். வலியே இல்லை. அதனால சொல்லலை.”

குஞ்சிதபாதம் அந்த விரலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வாசலுக்கு ஓடி, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல், போகிற ஆட்டோவை எல்லாம் கூப்பிட்டார்.

ஆட்டோவில் மூன்று பேரும் போனார்கள். தர்மாம்பாளின் கால் இன்னும் நீலாயதாட்சியின் மடியில்தான் இருந்தது. பாலம் தாண்டியதும் குஞ்சிதபாதம் ஆரம்பித்தார்.

“அம்மா, ஆஸ்பத்திரியில கேட்பாங்களே. சர்க்கரை இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னா இன்ஷூரன்ஸ் கொடுத்துடுவான். பழசுன்னு சொன்னா ஒண்ணும் வராது, பாலிசியே போயிடும். எங்கிட்ட வேற வழி இல்லை. நான் என்ன சொல்லட்டும்?”

“யார் காதுல விழுதுன்னு பார்க்காம, உள்ளதைச் சொல்லுங்க” என்றார் நீலாயதாட்சி.

“தர்மு, நீ என்னடி சொல்றே?”

“நான் எதுக்குச் சொல்லணும்? இல்லைன்னு எழுதும்போது என்னைக் கேட்டீங்களா?” தர்மாம்பாள் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தாள். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மெஷினை ஒரு தட்டுத் தட்டி, விரலை மறுபடியும் குத்தினாள். பிறகு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் கறுத்த விரலை அழுத்தினார். “வலிக்குதாம்மா?”

தர்மாம்பாள் தலையசைத்து இல்லை என்றார்.

“இவங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?”

கேள்வி குஞ்சிதபாதத்துக்கு. அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதே சமயத்தில் இன்ஷூரன்ஸ் கவுண்டரிலிருந்து ஒரு பெண் பாலிசி கார்டோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். சிரித்த முகம்.

“சார், பாலிசியில சர்க்கரை இல்லைன்னு இருக்கு. இப்போ புதுசா வந்ததுதானே? அப்படியே போட்டுடட்டுமா?”

“கொஞ்சம் இரும்மா” என்று டாக்டர் அவளைத் தடுத்தார். “சார், இது புதுசுன்னா நான் ஒரு மாதிரி பார்ப்பேன். பழசுன்னா காலுக்கு ரத்தம் போகுதான்னே முதல்ல பார்க்கணும். விரலோட நிக்குமா, கால் வரைக்கும் போகுமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும். நேரம் இல்லை. சொல்லுங்க.”

குஞ்சிதபாதம் டாக்டரைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“தர்மு...”

தர்மாம்பாள் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டிலின் அந்தப் பக்கம் நீலாயதாட்சி நின்றிருந்தார். புடவையில் மடி முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. சீடர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றார். வகுப்பில் கேள்வி கேட்கும்போது கும்பிடுவதுபோலவே இரண்டு கையும் கூப்பினார்.

“அம்மா, நீங்க சொல்லிடுங்களேன்.”