பாரனின் பிடி

நட்சத்திரங்களுக்குள் குடித்தனம் நடந்த அந்தக் காலத்தில், வானத்தின் தென்கோடியில் இருந்த ஒரு பெரிய நட்சத்திரம்தான் பாரனுக்கு வீடு. அவன் வேலை இழுப்பது. வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நடுக்கூடத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பான். அவன் மனைவி கனலி, நெருப்புக்காரி. அவள் வேலை தள்ளுவது. அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பாள்.

இரண்டு பேரும் எலியும் பூனையும்தான், கேளுங்கள்.

"எல்லாரும் உள்ள வாங்க!" என்பான் பாரன்.

"பொண்ணுங்க நாலு இடம் பார்க்க வேண்டாமா? போங்கடி வெளியே!" என்பாள் கனலி.

ஒளிக்கதிர்கள்தான் அவர்கள் பெண்கள். அம்மா ஒரு தள்ளு தள்ளினால் போதும், சிரித்துக்கொண்டே வானமெல்லாம் ஓடிவிடுவார்கள்.

அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சிரிக்கட்டுமே! அவன் இழுக்க, அவள் தள்ள, அந்த இழுபறியில்தான் வீடு விழாமல் நின்றது. அது பாரனுக்கே தெரியாது, பக்கத்து வீட்டுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஒருநாள் கனலியின் தள்ளு தளர்ந்தது. அடுப்பில் எரிக்க இருந்தது குறைந்துவிட்டது. பாரனோ அவள் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தான். அவள் பேசாமல் இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. வம்புக்கு இழுத்தாவது பேச வைப்போம் என்று முன்னைவிட அழுத்தி இழுத்தான். அந்த அழுத்தத்தில் அடுப்பு குப்பென்று பற்றியது. கனலி பலமாகத் தள்ளினாள்.

"அப்படி வா வழிக்கு!" என்று பாரன் குதித்தான்.

"இப்படி அழுத்தினீங்கன்னா இருக்கிறதெல்லாம் சீக்கிரமே எரிஞ்சுடும்ங்க" என்றாள் கனலி.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தளரும்போதெல்லாம் இன்னும் அழுத்தினான். பழைய சாம்பலையே மறுபடி எரித்து அவளும் ஈடுகொடுத்தாள். அட பைத்தியக்காரா! பாசத்தில் பண்ணுகிற பைத்தியக்காரத்தனத்துக்கு மருந்து ஏது?

சாம்பலும் எரிந்து எரிந்து, கடைசியில் அடுப்பில் இரும்புதான் மிஞ்சியது. எவ்வளவு அழுத்தினாலும் இரும்பு சூடு தராது.

"இனிமே என்னால முடியாதுங்க" என்றாள் கனலி. "பொண்ணுங்கள மட்டும் பிடிச்சு வைக்காதீங்க. போகட்டும்."

அதோடு நெருப்பு அணைந்தது. தள்ள ஆள் இல்லாத வீடு பாரன் இழுத்த இழுப்பில் அப்படியே நடுவில் சரிந்தது. வெளிச்சுவர்கள் வெடித்துச் சிதற, அந்தப் பளீரென்ற ஒளியோடு மூத்த பெண்களெல்லாம் பறந்து போனார்கள். மீதி வீடு சுருங்கிச் சுருங்கி, இருக்கிற இடமே தெரியாமல் போனது. கடைக்குட்டி மினுக்கி மட்டும் பாரன் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நானும் போயிட்டு வரேன். அம்மா சொன்னாங்க இல்ல?"

அவளும் போனால் பாரன் இருட்டோடு தனியாக அல்லவா இருக்க வேண்டும்?

"நீயும் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்று அவளை இறுக்கிப் பிடித்தான்.

மினுக்கி ஓடினாள். அவளைவிட வேகமாக ஓட இந்த அண்டத்தில் ஆளே கிடையாது. அவளாலேயே வாசலைத் தாண்ட முடியவில்லை. களைத்துப்போய் அவள் அழுதபோது அவனுக்குப் பெற்ற மனசு கேட்கவில்லை.

"சரி தாயி, அழாதே. போய் வா" என்று பிடியைத் தளர்த்தப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி முயன்றான். கை இன்னும் இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

தள்ளி நிற்கிறவர்களை அவன் ஒன்றும் செய்வதில்லை. தூரத்து நட்சத்திரங்கள் அவை பாட்டுக்கு அவனைச் சுற்றி வருகின்றன. அந்த இருண்ட வீட்டுக்குத்தான் கருந்துளை என்று பெயர். அன்று பிடித்த பிடிதான், அந்த வாசலைத் தாண்டி உள்ளே போன வெளிச்சம் இன்றுவரை வெளியே வரவில்லை; போகச் சொல்ல அப்பாவுக்கு மனசு இருக்கிறது, தள்ளிவிட அம்மாதான் இல்லை.