சுருள் ரெண்டாப் பிரிஞ்ச கதை

ஒரு ஊர்ல ஒரு சின்னப் பட்டறை. சுவத்துலேர்ந்து வர்ற கரண்டைப் பதமாக்கி, பல்புக்கும் ஃபோனுக்கும் குடுக்கற சர்க்யூட் பலகை செய்யற இடம். அந்தப் பலகை மேல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருந்துச்சு. தெருமுனைல கம்பத்துல தொங்குமே, அந்தப் பெருசு இல்ல. இது நெல்லிக்காய் அளவு. நெல்லிக்காய்னதும் ஞாபகம் வருது, ஊறுகாய் போடணும். சரி, அது கெடக்கட்டும்.

அந்த நெல்லிக்காய்க்குள்ள ரெண்டு செம்புக் கம்பி குடித்தனம். அடியில பிரைமரின்னு ஒருத்தன். மெலிசு, ஆனா நீளமோ நீளம், சுத்துச் சுத்தா உக்காந்திருப்பான். கரண்டு மொதல்ல தன்கிட்டதான் வருதுன்னு ஒரு மெதப்பு. அவனுக்கு மேல செகண்டரின்னு ஒருத்தி. தடிச்ச கம்பி, நாலஞ்சு சுத்துதான். அவன் குடுக்கறதை வாங்கிப் பல்புக்கு அனுப்பறவ. ரெண்டு பேரும் தொட்டா எல்லாம் கருகிடும்னு நடுவுல மஞ்சள் டேப்பு காவல். பொண்ணு பாக்கற எடத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல போய் உக்காருவாளே ஒரு அத்தை, அது மாதிரி.

பிரைமரிக்கு வாசல்ல சுவிட்சுப் பயல். சுவத்துல நாம தட்டற சுவிட்சு இல்ல, பலகை மேலயே இருக்கற பொடியன். கதவைத் தெறப்பான், சாத்துவான், தெறப்பான், சாத்துவான். நாம கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஆயிரக்கணக்குல. தெறந்தா பிரைமரிக்குள்ள கரண்டு ஓடும். சாத்தின ஒடனே பிரைமரி அதை எறியணும், செகண்டரி புடிக்கணும். அதான் வேலை.

ஆனா பாருங்க, ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் சுவிட்சுக்குப் பொளேர்னு ஒரு அறை விழுந்துச்சு.

எங்க நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு லாரியில பூசணிக்காய் வந்துச்சு. மேலேர்ந்து ஒருத்தன் எறியறான், கீழ நாத்தனார் புருஷன் புடிக்கணும். அவரு வெயிலா இருக்குன்னு மர நெழல்ல தள்ளி நின்னுக்கிட்டாரு. பாதிக் காய் அவர் கையில, மீதி டிரைவர் மண்டையில. அவருக்கு அன்னிக்குப் பாயசம்கூட யாரும் ஊத்தல. அதே கதைதான் இங்கயும். செகண்டரி எட்ட இருந்ததால அவ கைக்குச் சிக்காத மிச்சமெல்லாம் திரும்பி வந்து சுவிட்சு தலையில விழுந்துச்சு. இவனுக்கு முன்னாடி வந்த சுவிட்சுங்க எல்லாம் இப்படித்தான் வெடிச்சுப் போச்சு. இவன் புதுசு. இவனும் தாங்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

பட்டறையில மேகலான்னு ஒரு பொண்ணு. எது எத்தனை சுத்துன்னு கணக்குப் போட்டவ அவதான். பக்கத்துல ஈயம் உருக்கிப் பத்த வைக்கற சவரிமுத்து கிண்டலடிச்சான்.

"ஒன் கணக்கு சரியாத்தான் இருக்கும் மேகலா. அதைச் சுவிட்சுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு."

"நக்கலா அண்ணே? சுத்துக் கணக்கு சரிதான். வரிசைதான் தப்பு. பிரைமரி முழுசையும் அடியில வெச்சுட்டு, செகண்டரியை மொட்டை மாடில குடி வெச்சுட்டேன். இந்தத் தடவை பாதி பிரைமரி, அது மேல செகண்டரி, அதுக்கு மேல மீதி பிரைமரி."

இதைக் கேட்டதும் பிரைமரி கத்த ஆரம்பிச்சுட்டான்.

"என்னை ரெண்டாப் பிரிக்கவா? நான் என்ன பொங்கல் கரும்பா?"

"கத்தாத அண்ணே," ன்னா செகண்டரி. "ஒன் மேல்சுத்து மட்டும்தான் எனக்குப் பழக்கம். அடியில இருக்கற சுத்துங்க எறியறது என் கண்ணுலயே படறதில்ல."

"அதுக்கு நீ கொஞ்சம் எறங்கி வாயேன்."

"நான் எறங்கணும்னா நீதான் எடம் விடணும். வேற எங்க போய் நுழையறது?"

டேப்பு குறுக்க பூந்துச்சு. "நெருங்கி உக்காருங்க, நான் வேண்டாங்கல. ஆனா ரெண்டு பக்கமும் நான் இருப்பேன். தொட்டீங்க, தொலைச்சுடுவேன்."

மேகலா பழைய சுத்தையெல்லாம் பிரிச்சுப் புதுசா ஆரம்பிச்சா. பாதி வந்ததும் கம்பியை, டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கற ஊசிக் காலு ஒண்ணுல கட்டப் போனா. பிரைமரி முறுக்கிக்கிட்டான், மடங்கிக்கிட்டான், வரவே மாட்டேன்னுட்டான்.

அப்பத்தான் வாசல்லேர்ந்து சுவிட்சு மெதுவா கேட்டான். "மாமா, எனக்கு முன்னாடி இருந்தவன் எத்தனை நாள் இருந்தான்?"

காலையில வந்தவன் மத்தியானம் தாண்டலன்னு பிரைமரிக்குத்தான் தெரியுமே. முறுக்கு மெல்லத் தளர்ந்துச்சு. மேகலா விரலுக்கு வாகா நீண்டு குடுத்தான். காலுல கட்டினா, டேப்பு போட்டா, செகண்டரி வந்து நடுவுல உக்காந்தா, மறுபடி டேப்பு, அதுக்கு மேல அதே காலுலேர்ந்து மீதி பிரைமரி.

"கரண்டு போடவா?" ன்னான் சவரிமுத்து.

"போடுங்க. மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்குங்க."

சுவிட்சு கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கதவைச் சாத்தினான். தோளைக் குறுக்கிக்கிட்டான். காத்திருந்தான். மறுபடி சாத்தினான். பல்பு பளிச்சுன்னு எரியுது.

"மாமா, அறையைக் காணோமே. முதுகுல யாரோ தட்டிக் குடுக்கற மாதிரிதான் இருக்கு."

"அவ்வளவு சிந்தத்தான் செய்யும், தாங்கிக்க," ன்னுச்சு டேப்பு. சுவிட்சு சிரிச்சுக்கிட்டே கதவைப் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுட்டான்.

"வலிக்குதா அண்ணே?" ன்னு நடுவுலேர்ந்து செகண்டரி கேட்டா.

அடியில இருந்த பாதியில ஓடின அதே கரண்டுதான் மேல் பாதியிலயும் ஓடிக்கிட்டிருந்துச்சு. பிரிச்சாலும் தான் ஒருத்தன்தான்னு பிரைமரிக்குப் புரிஞ்சுச்சு.

"முழுசா இருந்தப்ப நான் குடுத்தது பாதி வழியில விழுந்துச்சும்மா," ன்னான். "இப்பத்தான் ஒன் கையில வந்து சேருது."