உடையாத வளையல்கள்

வயிற்றின் இருளிலும் உடனிருந்து உயிருக்கு உணவளிப்பவனாகிய இறைவனின் திருவடியையும், சூல் காக்கும் அம்மையின் திருக்கரத்தையும் முதலில் வணங்குவோம். அதன் பின்னரே மனிதர் பெயரைச் சொல்வது முறை.

பொருநைக் கரையில் மணற்குடி என்றோர் ஊர். அங்கே ஆவுடையாள் என்னும் மருத்துவச்சி வாழ்ந்தாள். அவ்வூரில் பேறு பார்க்கும் தொழிலை ஏற்பவள், அம்மை சந்நிதி விளக்கின் முன் ஒரே மூச்சில் இரண்டு சொற்களைச் சொல்லவேண்டும்: "சூல்கொண்டவளைக் கைவிடேன், சூலை அழிக்கேன்." அவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்று முப்பது ஆண்டுகளில் ஆவுடையாள் ஒருநாளும் எண்ணியதில்லை.

அரசனின் ஆணையும் ஒன்று இருந்தது. வளைகாப்பு முடிந்தபின் வயிற்றிலிருக்கும் பிள்ளை ஊருக்கும் பிள்ளை. அதை அழித்தவர் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும்; திரும்பி வருதல் இல்லை.

குழல்மொழிக்கு ஐந்தாம் மாதத்தில் வளையிட்டார்கள். மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு அடுத்தது வயிற்றிலேயே தவறிவிட்டது. அந்த நினைவில் குழல்மொழி கணவன் சிவனணைந்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்ன ஆனாலும் சரி, இந்தப் பிள்ளையை விட்டுறக்கூடாது. சொல்லுங்க" என்றாள். அவனும் எல்லார் முன்னிலையிலும் சொல் கொடுத்தான்.

பேறு முடிந்ததும் வளையல்களைக் கழற்றி மருத்துவச்சியின் மடியில் இடுவது அவ்வூர் வழக்கம். ஆகவே ஆவுடையாள், "இருபத்தொண்ணும் எனக்கு முழுசா வரணும்டி. உங்க அக்கா பாதியை உடைச்சிட்டுத்தான் குடுத்தா" என்றாள்.

"எண்ணியே தாரேன் ஆச்சி. உங்க கையில ஏறுமான்னு முதல்ல பாருங்க!"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஒரு மாதம் சென்றது. குழல்மொழிக்கு முகமும் கைகால்களும் வீங்கின. தலைவலி வந்தது; பின்னர் வலிப்பு வந்தது. பூதலிங்க வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, கணவனையும் மருத்துவச்சியையும் வெளியே அழைத்தார்.

"வயிற்றில் கரு இருக்கும்வரை இவள் பிழைப்பது அரிது. இப்படிக் கிடந்த பத்துப் பேரில் ஒருத்தி பிள்ளையோடு பிழைத்ததை நான் கண்டிருக்கிறேன். இப்போதே கருவை இறக்கினால் இவள் தேறிவிடுவாள். ஆறு மாதப் பிள்ளை தங்காது. இறக்கும் வழி எனக்கும் தெரியும், ஆவுடையாளுக்கும் தெரியும். நான் செய்யமாட்டேன். ஆணை இருக்கிறது. அந்த ஒருத்தியின் வாசலை அடைக்க எனக்கு உரிமையும் இல்லை."

சிவனணைந்தான் அழுதான். "நானும் சொல் குடுத்திருக்கேனே, ஆச்சி. அவளே கேட்டு வாங்கின சொல்லாச்சே!" என்றான். பிறகு வைத்தியரோடு அம்மை கோயிலுக்குப் போய், அடைத்திருந்த நடை முன்னே விழுந்து கிடந்தான்.

விடியலில் அவர்கள் திரும்பியபோது வலிப்பு நின்றிருந்தது. குழல்மொழி மூச்சுச் சீராக உறங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையாள் ஆற்றங்கரையில் ஒரு சிறு குழியை மூடி, அதன்மேல் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் சபை கூடியது. ஆற்றுக்கு அப்பால் ஆவுடையாளுக்கென்று ஒருவரும் இல்லை. ஊரில் இன்னும் நான்கு பெண்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சபைத் தலைவர் வினவினார்: "அது உயிரே அன்று என்பாயா?"

"உயிர்தான், ஐயா. உயிர் இல்லாததுக்கு யார் பால் ஊத்துவாங்க?"

"அப்படியானால் ஏன் செய்தாய்?"

"நடுவில் அவளுக்கு நினைவு வந்தது. வைத்தியர் சொன்னதை, அந்தப் பத்தில் ஒன்றையும் சேர்த்து, ஒளிக்காமல் சொன்னேன். மூத்தவள் சாப்பிட்டாளான்னு கேட்டாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கச் சொன்னாள். வளையல்களைக் கழற்றி என் மடியில் போட்டு, 'எண்ணிக்கோங்க ஆச்சி. நான் இருக்கணும்'னு சொன்னாள்."

ஆவுடையாள் முந்தானையை அவிழ்த்தாள். இருபத்தொரு கண்ணாடி வளையல்கள், ஒன்றும் கீறல் விடாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன.

"அவ நினைவில்லாமக் கிடந்தா! ஆச்சியே உருவியிருப்பா" என்றான் சிவனணைந்தான்.

கூட்டத்தில் ஒருவன், "கூலியை முன்னாடியே வாங்கிட்டாளாக்கும்" என்று குத்தினான்.

குழல்மொழியைக் கேட்டார்கள். நோய் அந்த ஒரு நாளை அவள் நினைவிலிருந்து துடைத்துவிட்டிருந்தது. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லித் தன் கைகளையே பார்த்தாள். இரு கை விரல் முட்டுகளிலும் தோல் உரிந்து, ஆறத் தொடங்கியிருந்தது.

இப்போது கேட்பவரே, சொல்லும். கணவன் மனைவிக்குத் தந்த சொல்லைக் காத்தான். வைத்தியர் அரசன் சொல்லைக் காத்தார். மருத்துவச்சி அம்மைக்குத் தந்த சொல்லில் பாதியைக் காக்க மறுபாதியை உடைத்தாள். இதில் யார் செய்தது சரி? ஆவுடையாள் சொன்னது மெய்யென்று எதைக்கொண்டு அறிவது?

விடை: வளையல்களே சாட்சி. வீங்கிய கையிலிருந்து பிறர் உருவினால் கண்ணாடி நொறுங்கும். வலி எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்பதைக் கைக்கு உரியவளே அறிவாள். இருபத்தொன்றையும் உடையாமல் கழற்ற, நினைவும் பொறுமையும் துணிவும் வேண்டும். ஆகவே அது குழல்மொழியின் விருப்பம். தான் வாங்கிய சொல்லை அவளே திருப்பித் தந்துவிட்டாள். கணவன் அதை அறியான், அவன்மேல் பழியில்லை. வைத்தியர் ஆணையையும் ஆண்டவனையும் எண்ணினார், படுத்திருந்தவளைக் கேட்கவில்லை. கேட்டவள் ஆவுடையாள் ஒருத்தியே. அவள் செய்ததே சரி என்று சபை அவளை ஊரில் இருத்தியது. ஆயினும் சொல் உடைந்ததை அவள் மறுக்கவில்லை. அவ்வளையல்களை அணியாமல் அம்மையின் காலடியில் வைத்தாள். அதன் பின்னர் மணற்குடியில் அந்த இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சொல்வதில்லை. நடுவில் ஒருமுறை நின்று, அம்மையின் முகத்தைப் பார்த்துவிட்டே அடுத்ததைச் சொல்வார்கள்.

இதைக் கேட்டவர் இல்லத்தில் சூல்கொண்டவர் நலமுறுக. பிறந்தவர் நெடிது வாழ்க. பிறவாது போன உயிர்களும் அம்மையின் மடியில் அமைதி பெறுக.